சீக்கியர்கள் சொல்லும் 'ஷஹீதி' என்றால் என்ன?

நம்பிக்கையை விட்டுவிடு என்று மிரட்டும்போது, விடாமல் நின்று உயிரையே கொடுப்பதுதான் ஷஹீதி.

சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூரைப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். ஔரங்கசீப் காலத்தில் மதமாற்ற நெருக்கடி தாங்காமல் காஷ்மீரப் பண்டிதர்கள் பஞ்சாபில் இருக்கும் ஆனந்த்பூருக்கு வந்து அவரிடம் முறையிட்டார்கள் என்கிறது சீக்கிய மரபு. அவர்கள் போட்டிருந்த பூணூலை, சீக்கிய மதத்தைத் தொடங்கிய குரு நானக் சின்ன வயதிலேயே வேண்டாம் என்றவர், ஆனாலும் அதைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்காக அவர் வழிவந்த தேக் பகதூர் உயிரைக் கொடுத்தார். நமக்கு ஒத்தே போகாத பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை இடிக்க வரும்போது, ஓடிப்போய்க் குறுக்கே நிற்பது மாதிரி.

1675 நவம்பரில், டெல்லியில், கூட வந்த மதி தாஸ், சதி தாஸ், தயாலா மூவரையும் முதலில் கொன்றார்கள், அப்புறம் சாந்தினி சௌக்கில் குருவின் தலையை வெட்டினார்கள். லக்கி ஷா என்ற வணிகர் உடலை எடுத்துப்போய், வெளியே சிதை மூட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று தன் வீட்டோடு சேர்த்தே எரித்தாராம் (என்ன துணிச்சல் பாருங்கள்!). அங்கேதான் இப்போது ரகாப் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில்.

இதைச் சீக்கியர், முஸ்லிம் பகை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் பின்னாளில் தேக் பகதூரின் மகனும் பத்தாவது குருவுமான கோவிந்த் சிங்கின் சின்னப் பிள்ளைகளுக்கு மரண தண்டனை விதித்தபோது எதிர்த்துப் பேசியவர் ஒரு முஸ்லிம்தான், பஞ்சாபில் இருக்கும் மாலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முகமது கான்.