ஃப்ளை கட்டும் செயற்கைப் பொருட்கள் எங்கிருந்து வந்தன? மட்டக்களப்பில் அவற்றுக்கு மாற்று உண்டா?

ஃப்ளை என்பது பூச்சி, சிறுமீன் போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரை. கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. இறகுக்கும் விலங்கு மயிருக்கும் பதிலாக ஃப்ளை கட்டுவதற்கு வந்த செயற்கை நார், மினுங்கும் இழை எல்லாம் எங்கே பிறந்தன என்பது ஒன்று. வெளிநாட்டுப் பொட்டலங்களைக் காசு கொடுத்து வரவழைக்க முடியாத மட்டக்களப்பு ஆள் என்ன செய்வது என்பது மற்றது. என் பார்வையில் முதலாவதை அறிந்தாலே இரண்டாவதுக்கும் விடை கிடைத்துவிடும். ஏனென்றால் இந்தப் பொருட்களில் பெரும்பாலானவை மீன்பிடிக்காகச் செய்யப்பட்டவையே அல்ல.

நைலோனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் வொலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கினார். 1938இல் பல்துலக்கியின் தும்பாகத்தான் முதலில் கடைக்கு வந்தது, அப்புறம் பெண்களின் காலுறை. நாம் தங்கூசி என்று வாங்கும் தூண்டில் இழையும் அதே குடும்பம்தான். அன்ட்ரன் என்ற நார் டூபொன்ட் தரைவிரிப்புக்காகச் செய்த நைலோன். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் மூன்று மடல்களாக இருப்பதால் ஒளியைச் சிதறடித்து அழுக்கை மறைக்கும். காரி லஃபொன்டெய்ன் என்ற அமெரிக்கர் நீருக்கடியில் மூழ்கிப் பூச்சிகளைக் கவனித்தவர். மேலெழும் பூச்சியைச் சுற்றி மினுங்கும் காற்றுக் குமிழை இந்த நார் காட்டும் என்று கண்டு, 1981இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதினார். தரைவிரிப்பு நாரை அப்படிப் பார்த்த கண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சட்டமும் ஒரு காரணம். 1972இல் அமெரிக்கா கடற்பாலூட்டிகளைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தது. கடல்நாய், துருவக்கரடி மயிர் கிடைப்பது அருமையாகிவிட, அதே மினுக்கத்துக்குச் செயற்கை நார்களைத் தேடினார்கள். இது நல்ல மாற்றம். நம் காட்டுக்கோழி இறகைத் தேடி யாரும் காட்டுக்குள் போக வேண்டாம் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, மட்டக்களப்புக்கு வருவோம்.

பழைய ஃப்ளைகளில் சுற்றிய உலோகத் தகடு உப்புத் தண்ணீரில் கறுத்துவிடும். 1950களில் பொலியெஸ்டர் படலம் சந்தைக்கு வந்தது. அதன் மேல் அலுமினியம் பூசி, மெல்லிய கீற்றாக வெட்டியதுதான் இப்போது பல பெயர்களில் விற்கும் மினுங்கும் இழை. மலிவான சேலை ஜரிகையும் பெரும்பாலும் அதேதான். மருதமுனைப் பக்கம் தறி போடுபவர்களிடமோ நூல் கடையிலோ ஜரிகை நூல்கண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு இழையை நகத்தால் பிரித்தால், உள்ளே ஒரு நூலும் அதைச் சுற்றிய பளபளப்பான நாடாவும் தனித்தனியாக வரும். அந்த நாடாவைத்தான் எடுக்க வேண்டும். தூண்டில் முள்ளின் தண்டில் சுற்றியபின் மேலே நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் கொடுவா மீனின் சொரசொரப்பான வாய் பூச்சை உரித்துவிடும்.

உடலுக்கு நீளமான நார் வேண்டுமென்றால் கயிற்றுக் கடை போதும். பொலிப்ரொப்பிலீன் 1954இல் இத்தாலியில் ஜூலியோ நட்டாவின் ஆய்வுகூடத்தில் உருவானது, அவருக்கு 1963இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதன் அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு, சுமார் 0.91. நைலோன் 1.14, பொலியெஸ்டர் 1.38. ஆகவே கயிற்றில் ஒரு துண்டை வெட்டிப் பிரித்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். மேலே வந்தால் பொலிப்ரொப்பிலீன் அல்லது அதைப் போலவே மிதக்கும் பொலிஎதிலீன், தாழ்ந்தால் பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்று. மிதப்பது மேல்மட்டத்து ஃப்ளைக்கு நல்லது. வாவியில் கண்டல் ஓரத்து ஆழத்துக்கு இறங்க வேண்டுமென்றால் தாழும் நாரை எடுங்கள், அல்லது முள்ளின் கழுத்தில் பாரம் கட்டுங்கள். அமெரிக்க ஃப்ளை கட்டுநர் பொப் கிளவுசர் 1980களில் பிரபலமாக்கிய ஈயக் கண் (கண் போலக் கட்டும் ஈயக் குண்டு) அதைத்தான் செய்கிறது: ஃப்ளை தலைகீழாகப் புரண்டு முள் மேல்நோக்கி நிற்கும், அடியில் சிக்குவது குறையும்.

கயிற்று நாரைப் பேன் சீப்பால் பலமுறை வாரினால்தான் மென்மையாகும். அவசரப்பட்டு முரட்டு நாரையே கட்டினால் தண்ணீரில் அது அசையாமல் குச்சி போல நிற்கும். நுனியை ஒரே நேர்கோட்டில் கத்தரிக்காமல் கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து, வால் பக்கம் மெலிதாகும்படி வெட்டுங்கள். வெட்டும்போது கீழே ஒரு பேப்பர் விரித்து, விழும் துணுக்குகளை ஒன்று விடாமல் சேருங்கள். இவை மக்காது. கல்லடிப் பாலத்தடியில் நின்று கட்டினாலும் இதைத் தவறவிடாதீர்கள், நம் வாவி ஏற்கனவே போதுமான பிளாஸ்டிக்கைச் சுமக்கிறது.

சிறிய மீனின் கரிய முதுகுக்கு மணப்பெண் அலங்காரக் கடையில் விற்கும் செயற்கைச் சவுரி பொருத்தம், பத்துப் பதினைந்து இழை போதும். மிதக்கும் தலைக்குப் பழைய ஃபோம் செருப்பு. அந்த ஃபோமின் ஒவ்வொரு குமிழும் மூடியிருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் மெத்தைப் பஞ்சு உறிஞ்சும், அதைத் தொட வேண்டாம்.

கட்டும் நூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தையல் கடையில் பருத்தி நூலைத் தள்ளிவிட்டு மெல்லிய பொலியெஸ்டர் நூலாகக் கேட்டு வாங்குங்கள்.