திருவாடானை யாருடைய கோட்டை?
வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பூர்வீகம் ராமநாதபுரம் மாவட்டம், தொண்டிப் பக்கம். ஊருக்குப் போனால் ‘திருவாடானை காங்கிரஸ் கோட்டை’ என்கிறார்கள் சிலர். ‘கட்சியாவது ஒன்றாவது, அது அம்பலம் வீட்டுத் தொகுதி’ என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
– வாசகர், செல்லூர்

இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் வென்றவர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவுகட்ட முடியாது. கே.ஆர். ராமசாமி 1989, 1991, 1996, 2001, 2006 என்று தொடர்ச்சியாக ஐந்து முறை அங்கே ஜெயித்தார். பக்கத்திலேயே கூட்டணியையும் எழுதிப் பாருங்கள். 1989-இல் காங்கிரஸ் தனித்து நின்றது. அ.தி.மு.க. ஜெ. அணி, ஜானகி அணி என்று பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த தேர்தல் அது. 1991-இல் அ.தி.மு.க. கூட்டணி. 1996-இல் அவர் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்); சைக்கிள் சின்னம், தி.மு.க. கூட்டணி. 2001-இலும் த.மா.கா.தான், ஆனால் அ.தி.மு.க. பக்கம். 2002-இல் த.மா.கா. காங்கிரஸில் கலந்தது. 2006-இல் மறுபடி கை, தி.மு.க. கூட்டணி.

ஆக, ஆள் ஒருவர், சின்னம் இரண்டு, நிலைப்பாடு மூன்று. மாநிலம் முழுக்கக் காற்று மாறி மாறி அடித்த காலத்தில் இந்தத் தொகுதி மட்டும் ஆளை மாற்றவில்லை. அவருடைய தந்தை கரியமாணிக்கம் அம்பலமும் இதே தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். 2021-இல் காங்கிரஸ் சார்பில் வென்ற கருமாணிக்கம், ராமசாமியின் மகன். ‘வீட்டுத் தொகுதி’ என்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

இடையில் 2011-இல் தி.மு.க.வின் சுப. தங்கவேலன், 2016-இல் கருணாஸ். இந்த 2016 வரியில் பலர் சறுக்குகிறார்கள். கருணாஸ் முக்குலத்தோர் புலிப்படையின் தலைவர். ஆனால் நின்றது இரட்டை இலையில். அதனால் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையில் அவர் அ.தி.மு.க. உறுப்பினர். ஓட்டுப் போட்டவரும் இலையைப் பார்த்துத்தான் அமுக்கினார். பட்டியல் போடும்போது ‘கட்சி’, ‘சின்னம்’, ‘கூட்டணி’ என்று மூன்று பத்தி ஒதுக்குங்கள். ஒரே பத்தியில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பக்கத்து ராமநாதபுரம் தொகுதியிலும் இதே கதை. 2006 காங்கிரஸின் ஹசன் அலி, 2011 மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா, 2016 அ.தி.மு.க.வின் மணிகண்டன், 2021 தி.மு.க.வின் காதர்பாட்ஷா முத்துராமலிங்கம். 2021-இல் அ.தி.மு.க. அந்த இடத்தை பா.ஜ.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த ஆண்டு அ.தி.மு.க.வின் ஓட்டு அங்கே பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் காட்டும். கட்சி ஓட்டு கரைந்துவிட்டதாக அர்த்தமில்லை, சின்னம் களத்தில் இல்லை. அவ்வளவுதான்.

பட்டப்படிப்புக்கு ஒரு சிறு ஆய்வு செய்கிறேன். திருவாடானையின் 2006 ஓட்டு சதவீதத்தையும் 2011 சதவீதத்தையும் நேரடியாக ஒப்பிடலாமா?
– கல்லூரி மாணவி, திருநகர்

கூடாது. நடுவில் 2008 தொகுதி மறுவரையறை வந்துவிட்டது. மதுரை மாவட்டத்தில் சேடப்பட்டியும் சமயநல்லூரும் மறைந்தது போல, ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி மறைந்தது. சாயல்குடிக் கரையெல்லாம் முதுகுளத்தூரோடு சேர்ந்தது. வறண்ட பூமி என்றே பெயரெடுத்த முதுகுளத்தூர் இன்று கடற்கரைத் தொகுதியும்கூட. 2006-இல் கடலாடியில் வென்ற சுப. தங்கவேலன் 2011-இல் திருவாடானைக்கு வந்ததற்கு இந்தப் பின்னணியையும் சேர்த்துப் பாருங்கள். திருவாடானையே சிவகங்கை மக்களவைத் தொகுதியிலிருந்து பிரிந்து ராமநாதபுரத்துக்கு மாறியது. பெயர் பழையது, உள்ளே இருக்கும் ஊர்கள் வேறு.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வழி உண்டு, உழைப்புதான் அதிகம். 1976 மறுவரையறை ஆணை, 2008 ஆணை இரண்டையும் எடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே தாலுகா, பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு), வருவாய் கிராமம் என்று எல்லை எழுதியிருக்கும். இரண்டிலும் வரும் கிராமங்களைத் தனியே குறியுங்கள். பிறகு அந்தக் கிராமங்களின் பூத்துகளை மட்டும் படிவம் 20-இலிருந்து கூட்டுங்கள். படிவம் 20 என்பது பூத்வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டைக் காட்டும் இறுதி முடிவுத் தாள்.

எங்கே தப்பு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆணையில் இருப்பது வருவாய் கிராமத்தின் பெயர். கடலோரக் குப்பங்கள் பலவும் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வருவாய் கிராமத்தின் கணக்கில் கிடக்கும். குப்பத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘எங்கள் ஊரை விட்டுவிட்டார்கள்’ என்று நினைத்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த வருவாய் கிராமம் என்று கேட்டால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது பூத் எண். 2016-இன் 45-ஆம் பூத்தும் 2021-இன் 45-ஆம் பூத்தும் ஒரே ஊர் என்று நம்பாதீர்கள். கொரோனாவால் 2021-இல் ஆயிரம் வாக்காளர் அளவிலேயே பூத்தைப் பிரித்தார்கள். துணைப் பூத்துகள் நிறைய முளைத்தன, வரிசை எண் நகர்ந்துவிட்டது. எண்ணை விட்டுவிட்டு வாக்குச்சாவடிப் பட்டியலில் உள்ள முகவரியைப் பிடியுங்கள். ‘ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி, மேற்குப் பார்த்த தார்சுக் கட்டடம், வடக்குப் பகுதி’ என்ற ரீதியில் இருக்கும். பள்ளிக்கூடம் எளிதில் இடம் மாறுவதில்லை. ஆனால் வடக்குப் பகுதியில் ஒரு பூத், தெற்குப் பகுதியில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் கூட்டினால்தான் ஊர்க் கணக்கு. சில இடங்களில் ‘ஆண்கள் மட்டும்’, ‘பெண்கள் மட்டும்’ என்று தனித்தனிப் பூத். அதில் ஒன்றை விட்டால் ஊரில் பாதி போச்சு.

தபால் ஓட்டு படிவத்தின் கடைசியில் தனி வரியாக வரும். அதை எந்த ஊரிலும் சேர்க்காதீர்கள். பூத்வாரிக் கணக்கை 2001-க்கு முன்னால் கொண்டுபோக நினைத்தால் சிரமம். அந்த ஆண்டில்தான் தமிழகம் முழுக்கச் சட்டமன்றத் தேர்தலுக்கு மின்னணு இயந்திரம் வந்தது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது.

இன்னொன்று: புது எல்லை 2009 மக்களவைத் தேர்தலிலேயே அமலுக்கு வந்தது. ஆனால் அப்போதிருந்த சட்டமன்றம் கலையும் வரை அதன் இடைத்தேர்தல்கள் பழைய எல்லையில்தான் நடந்தன. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல் பழைய திருமங்கலத்துக்கு. அதே ஆண்டு மே மாத மக்களவைத் தேர்தலில் ‘திருமங்கலம்’ என்று வரும் சட்டமன்றப் பகுதி வேறு. சில மாத இடைவெளிதானே என்று சேர்த்துப் படிப்பவர்கள் ஏமாறுவார்கள்.

1952, 1957 கணக்குகளில் சில தொகுதிகளில் மொத்த வாக்காளரைவிட பதிவான ஓட்டு அதிகமாக இருக்கிறதே? அச்சுப் பிழையா, கள்ள ஓட்டா?
– வாசகர், மேலூர்

இரண்டும் இல்லை, இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள், அதில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கிய இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது. 60,000 பேர் வந்தால் 1,20,000 ஓட்டு வரை விழலாம். சென்னை மாகாணத்தில் 1952-இல் 375 இடங்கள், ஆனால் தொகுதிகள் 309-தான். 66 தொகுதிகள் இரட்டை. 1962-இல் இந்த முறை இல்லை.

பதிவான ஓட்டை இரண்டால் வகுத்து வாக்குப்பதிவு சதவீதம் போடுகிறார்கள். அது உண்மைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். ஒரு ஓட்டை மட்டும் போட்டுவிட்டு நடையைக் கட்டியவர்களும் உண்டே. இன்னொரு விஷயம், 1952-இல் சீட்டில் முத்திரை குத்தும் வேலையே இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், பிடித்த பெட்டியில் சீட்டைப் போடவேண்டியதுதான். அந்தக் காலத்துச் செல்லாத ஓட்டையும் பிற்காலத்துச் செல்லாத ஓட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

திருச்செந்தூரில் அனிதா ராதாகிருஷ்ணன் 2006-இல் அ.தி.மு.க., 2011-இல் தி.மு.க. இடையில் என்ன நடந்தது என்று அறிக்கையில் இல்லையே?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் வராது. பதவியை விட்டு தி.மு.க.வுக்குப் போய், 2009 டிசம்பர் இடைத்தேர்தலில் அதே தொகுதியில் வென்றார். முதுகுளத்தூரிலும் அப்படி ஒரு விடுபடல் உண்டு. 1957-இல் முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூர் சட்டமன்றம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை இரண்டிலும் வென்று மக்களவையை வைத்துக்கொண்டார். சட்டமன்ற இடத்துக்கு அதே ஆண்டு இடைத்தேர்தல் நடந்தது. இடைத்தேர்தல் பட்டியலைத் தனியாக எடுத்து நடுவில் செருகுங்கள்.

கடலோர ஊர்களில் ஆண்கள் ஓட்டு குறைவாகவும் பெண்கள் ஓட்டு கூடுதலாகவும் இருக்கிறது. ஆண்களுக்கு அக்கறை இல்லையா?
– இல்லத்தரசி, வில்லாபுரம்

கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் ஆண்கள் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. வகுக்கும் எண் பெரிது, வந்து நிற்கும் ஆள் குறைவு, சதவீதம் இறங்கும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப்போட நேரில்தான் வரவேண்டும்.

மீனவர் ஊர்களுக்குத் தேதியையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 18.4.2019, 19.4.2024 மக்களவைத் தேர்தல்கள் தடைக்காலத்துக்குள் வந்தன, படகுகள் கரையில். 6.4.2021 சட்டமன்றத் தேர்தல் தடைக்கு முந்தியது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துப் போகிறவை. 2021-இல் ஓட்டு நாள் செவ்வாய். முறைப்படி திங்களன்று போகிற படகு திரும்புகிற நாள் அது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் எல்லா மீனவரையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

டெபாசிட் கணக்கில் நோட்டா சேருமா?
– வாசகர், உசிலம்பட்டி

சேராது. கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவேண்டும். நோட்டாவைக் கழித்துவிட்டு வகுங்கள்.

பழைய ராமநாதபுரம் மாவட்டத் தேர்தல் தாள்களை எங்கே கேட்பது? மதுரையில் இருக்கிறது என்கிறார் என் தாத்தா.
– வாசகர், அண்ணா நகர்

தாத்தா சொல்வதில் விஷயம் உண்டு. 1985-இல் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மாவட்டம் மூன்றாகும் வரை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் மதுரையில்தான் இருந்தது. இன்று திருவாடானை, ராமநாதபுரம் தொகுதிகளுக்கு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவுக்கே எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘தேர்தல் விவரம் தருக’ என்று பொதுவாக எழுதினால் இணையத்தில் பார்க்கச் சொல்லி ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆண்டு, தொகுதியின் பெயர், ‘படிவம் 20-இன் சான்றிட்ட நகல்’, ‘வாக்குச்சாவடிப் பட்டியல்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். தொகுதி எண்ணை மட்டும் எழுதாதீர்கள். திருவாடானைக்கு 210 என்ற எண் 2008 ஆணை கொடுத்தது, அதற்கு முந்தைய தாள்களில் அந்த எண்ணில் வேறு தொகுதி இருக்கும்.