குட்டையில் பாசியும் மீனும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் 10 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு 400 குஞ்சுகள் விட்டு வளர்க்கிறோம். பிராணவாயு தரும் என்று நினைத்து வேலம்பாசியை (நீருக்குள் வளரும் ஹைட்ரில்லா செடி) எடுக்காமல் விட்டோம். இப்போது விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. இரண்டு நாள் மூடாப்புக்குப் பின் பெரிய கட்லாக்கள் செத்து மிதந்தன. என்ன காரணம்?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வெளிச்சம் இருக்கும்வரைதான் பாசி பிராணவாயு தரும். இருட்டியதும் அதுவும் மீனைப் போலவே நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகலில் அளவு உச்சத்தில் இருக்கும், விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்துக்குப் போய்விடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் தெம்பாக இருக்கும். 3க்குக் கீழே இரை எடுப்பது குறையும். 1க்குக் கீழே போனால் சாவுதான். மூடாப்பு நாளில் பகல் வரவு குறைகிறது, இரவுச் செலவு குறைவதில்லை. பெரிய மீன்கள் முதலில் செத்திருப்பதும் பிராணவாயுக் குறைவின் அடையாளமே. விஷம் கலந்திருந்தால் பெரும்பாலும் சிறிசு பெரிசு பார்க்காமல் சாகும்.

தீவனத்தையும் சாணத்தையும் இன்றே நிறுத்துங்கள். இரவு 2 மணி முதல் வெயில் ஏறும்வரை மோட்டாரை ஓட்டி, குட்டை நீரையே உயரத்திலிருந்து சிதறி விழும்படி கொட்டுங்கள். போர் தண்ணீர் விடுவதானால் குழாயை நீருக்குள் அமுக்காதீர்கள். நிலத்தடி நீரில் பிராணவாயு மிகக் குறைவு, காற்றில் சிதறினால்தான் பயன்.

களைக்கொல்லி அடிக்கவே வேண்டாம். மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால், மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் அந்த அழுகலே தின்றுவிடும். வாரியால் கால்வாசியாக இழுத்தெடுத்து, பத்து நாள் இடைவெளி விட்டு அடுத்த கால்வாசியை எடுங்கள். வேலம்பாசி கணுவுக்குக் கணு முளைக்கும். அறுந்து மிதக்கும் துண்டுகளை வலையால் அள்ளிக் கரைக்கு அப்பால் போடுங்கள். அடுத்த முறை இருப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40, புல்கெண்டையாக விடுங்கள். வேலம்பாசி அதற்குப் பிடித்த இரை.

பாசி குறைந்ததும் நீர் பச்சையாக மாறலாம். முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் நுண்பாசி அதிகம். உரமிடாமல், கொஞ்சம் நீரை மாற்றுங்கள்.

கேள்வி: அப்படியானால் செடியே இல்லாமல் வழித்து எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. சாதாக்கெண்டையின் முட்டை ஒட்டும் தன்மையுள்ளது. செடியில் ஒட்டிக்கொண்டுதான் பொரிக்கும். பொரிப்பகங்களில் அதற்கென்றே வேலம்பாசி போடுவார்கள். விரால் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிட்டுக் காவல் காக்கும். ஒரு மூலையில், குட்டைப் பரப்பில் கால் பங்குக்கு மிகாமல் செடி இருக்கட்டும்.

ஆகாயத்தாமரைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. இலை நீருக்கு மேலே இருப்பதால் அது விடும் பிராணவாயு காற்றுக்குப் போகிறது. கீழே வெளிச்சத்தையும் மறைக்கிறது. விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். எனவே பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள்.