குலம் வேறு, குணம் வேறு

கேள்வி: கணையத்தில் இருந்த, இன்சுலின் சுரக்கும் இன்சுலினோமா கட்டியை எடுத்தார்கள். அறிக்கையில் 'சினாப்டோபைசின், குரோமோகிரானின் பாசிட்டிவ். கேஐ-67 2 சதவீதம். கிரேடு 1' என்று உள்ளது. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளா?

பதில்: அப்படிப் பொருளில்லை. சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற முதல் இரண்டு புரதங்களும் கட்டியின் குலத்தைத்தான் சொல்கின்றன. ஹார்மோன் சுரக்கும் செல்வகையில் பிறந்த கட்டி என்பதற்கு அவை அத்தாட்சி. சாதுவான கட்டியிலும் கல்லீரல்வரை பரவிய கட்டியிலும் அவை பாசிட்டிவ்தான்.

குணத்துக்கு கேஐ-67ஐப் பாருங்கள். பெருகும் செல்லின் கருவில் மட்டும் தெரியும் புரதம் இது. 3 சதவீதத்துக்குக் கீழே கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்) கணக்கு வேறாக வந்தால் இரண்டில் உயர்ந்த கிரேடுதான் செல்லும்.

உங்கள் 2 சதவீதம் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. அதனால் எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். சாயம் அதிகம் ஏறிய பகுதியில் குறைந்தது 500 செல்களை எண்ண வேண்டும். படமெடுத்து எண்ணுவது நல்லது. கண்மதிப்பு இந்த எல்லையில் உதவாது. கட்டிக்குள் புகுந்த லிம்போசைட்டுகளையும் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) சேர்த்து எண்ணினால் கிரேடு பொய்யாக ஏறும். ஊசி பயாப்சியில் துணுக்கு சிறியது; வேகமான பகுதி சிக்காமலே போகலாம்.

கிரேடு 1 கட்டியும் சில நேரம் பரவும். கட்டியின் அளவு, ரத்தக்குழாய்க்குள் ஊடுருவல், நிணநீர் முடிச்சு ஆகியவற்றையும் சேர்த்தே தீர்ப்பு. இன்சுலினோமாவில் பத்தில் ஒன்பது பரவுவதில்லை என்பது ஆறுதல். காஸ்ட்ரின் ஹார்மோன் சுரக்கும் காஸ்ட்ரினோமாவுக்கு இந்த ஆறுதல் கிடையாது.

கேள்வி: இதே வகைக் கட்டியில் ஏடிஆர்எக்ஸ் புரதத்துக்குச் சாயமிட்டதில் ஸ்லைடு முழுக்க நீலம். 'இழப்பு' என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஏடிஆர்எக்ஸ், டாக்ஸ் இரண்டும் குரோமோசோமின் முனையான டெலோமியரைக் காக்கும் புரதங்கள். ஏதாவது ஒன்று போனாலும் கட்டி திரும்பி வரவும் பரவவும் வாய்ப்பு கூடும். தவறாக எழுதினால் நோயாளியின் கண்காணிப்புத் திட்டமே மாறிவிடும்.

முதலில் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களின் கருவைப் பாருங்கள். அங்கே பழுப்பு (புரதம் இருக்கிறது), கட்டிச் செல்லில் நீலம் (புரதம் இல்லை) என்றால்தான் இழப்பு. இரண்டிலும் நீலம் என்றால் சாயம் வேலை செய்யவில்லை. ஃபார்மலினில் போடத் தாமதம், ஆன்டிஜென் மீட்பில் (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூடாக்கி வெளிக்கொணர்வதில்) சூடு போதாமை, வெட்டி வைத்த பழைய ஸ்லைடு என இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். பிளாக்கிலிருந்து (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) புதிதாக 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, மீட்பு நேரத்தைச் சரிபார்த்துத் திரும்பச் செய்யுங்கள். கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் மட்டும் பழுப்பு இருந்தால் அது கணக்கில் வராது.