அடியில் கசியும் 1948 மரப்படகு: ஃபைபர் கிளாஸ் ஒட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறேன். 1948-இல் செய்த 17 அடி கிரிஸ்-கிராஃப்ட் டீலக்ஸ் ரன்அபௌட் படகு ஒன்றை வாங்கினேன். தண்ணீரில் இறக்கி ஒரு வாரமாகியும் கசிவு நிற்கவில்லை, பம்ப் ஓயாமல் ஓடுகிறது. அடிப்பக்கம் முழுக்க ஃபைபர் கிளாஸ் ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். ஒட்டலாமா? வார்னிஷ் எப்போது அடிக்கலாம்?

பதில்: ஒட்டாதீர்கள். வார்னிஷ் டப்பாவையும் இப்போது திறக்க வேண்டாம்.

இந்தப் படகின் அடிப்பாகம் இரண்டு அடுக்கு. உள்ளே மூலைவாக்கில் அடித்த மெல்லிய பலகை, வெளியே நீளவாக்கில் பலகை, நடுவில் பசை தோய்த்த துணி. எழுபது வருடத்துக்கு மேல் ஆன துணி மக்கிப்போயிருக்கும். அந்த இடுக்கில் தேங்கும் தண்ணீர்தான் பலகையை உள்ளிருந்தே அரிக்கிறது. மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டினால், வெளியேற இருந்த வழியும் அடைபடும். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இறுகிய ரெசின் அதோடு அசையாது. ஓரங்களில் விட்டுக்கொள்ளும். வெளியே பளபளப்பு, உள்ளே மக்கல். பலகைச் சந்துகளில் கெட்டியாக இறுகும் மக்கு (புட்டி) அடைப்பதும் தப்பு: பலகை ஊத இடமில்லாமல் ஸ்க்ரூவைப் பிடுங்கும்.

முதலில் பத்து ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். ஏரா (அடிநடுக் கட்டை) ஓரம், அமரத்துப் (பின்முனை) பக்கம், நடுப்பகுதி என்று வெவ்வேறு இடத்தில் எடுக்க வேண்டும். பித்தளை மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள். கையால் வளைத்தாலே ஒடியும். அப்படிச் சிலது கிடைத்தாலே அடியை முழுக்கப் பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும் முன் அடியின் பின்பாதியில் நூல் பிடித்து நேர் பாருங்கள். அமரம் கீழே வளைந்திருந்தால் வேகத்தில் அணியம் (முன்முனை) அழுந்தும். மேலே வளைந்திருந்தால் படகு துள்ளும். இஞ்சின், டேங்க் இரண்டையும் இறக்கி, ஏராவைச் சமமாகத் தாங்கவைத்து இந்த வளைவை நேராக்கிய பிறகே கவிழ்க்க வேண்டும். கோணலான கூட்டின் மேல் புதுப்பலகை அடித்தால் அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும்.

பழைய பலகைகளை உடைக்காமல் கழற்றுங்கள், அவைதான் அச்சு. வங்குகளையும் (குறுக்குச் சட்டங்கள்) ஏராவையும் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி மெத்தென்று இறங்கும் கட்டையை மாற்றிவிடுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். எல்லா மரத்துக்கும், வெட்டுமுனைகளுக்கும் சேர்த்து, ஊடுருவும் எபாக்ஸி சீலர் 3 கை அடியுங்கள்.

உள் அடுக்குக்கு பி.எஸ். 1088 தர மெரைன் ப்ளைவுட் போதும். ஆனால் இரண்டு அடுக்கும் பசையும் சேர்ந்த தடிமன் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏராவில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் பலகை மட்டமாக உட்காராது. வெளியே மஹோகனி. நடுவில் துணிக்குப் பதில் 3எம் 5200 பசையை, பல் வைத்த கரண்டியால் இடைவெளி விடாமல் தடவுங்கள். இந்த அளவுப் படகின் அடி சுமார் 7 சதுர மீட்டர் வரும், 1.5 மி.மீ. தடிமனுக்கு 10 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 300 மி.லி. குழாய் 35. சீக்கிரம் காயும் வகையை வாங்கிவிடாதீர்கள், பலகையைப் பொருத்தி முடிப்பதற்குள் இறுகிவிடும். இந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகும். ஹீட்டர் போட்டு வறண்டுபோன கராஜில் மிச்சிகன் குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம். ஸ்க்ரூ சிலிக்கான் வெண்கலம் மட்டுமே. பழைய ஓட்டைகளில் ஒரு எண் பெரியதாகப் போடுங்கள். இப்படிச் செய்த அடி ஊறிப் பெருக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

வார்னிஷ் இதற்கெல்லாம் பிறகு. பக்கப் பலகையில் ஸ்க்ரூத் தலையை மூடும் மரக்கட்டைகளை எபாக்ஸியால் ஒட்டாமல் வார்னிஷால் ஒட்டுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் கழற்றவே முடியாது. ரேகை பலகையோடு ஒத்துப்போகட்டும். ஸ்டெயின் (மரச்சாயம்) மங்கியதும் சாக்குத்துணியால் ரேகைக்குக் குறுக்கே தேய்த்து, 2 நாள் காயவிட்டு, முதல் கை வார்னிஷைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து அடியுங்கள். மொத்தம் 10 முதல் 12 கை. இடையிடையே 220, பிறகு 320 எண் உப்புத்தாளால் தேயுங்கள்.

இருக்கைத் தோல், வண்ணம் இவற்றில் ஊகம் வேண்டாம். வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்தில் கிரிஸ்-கிராஃப்ட் ஆவணங்கள் இருக்கின்றன. படகின் எண்ணைக் கொடுத்து அதன் ஹல் கார்டு (படகு செய்தபோது எழுதிய விவர அட்டை) நகலைக் கேட்கலாம். அதில் உள்ள இஞ்சின் எண்ணை, கழற்றி வைத்திருக்கும் இஞ்சினோடு ஒப்பிடுங்கள். திரும்பப் பூட்டும்போது காரின் கார்புரேட்டரையோ டிஸ்ட்ரிபியூட்டரையோ மாட்டிவிட வேண்டாம்: பெட்ரோல் ஆவி படகின் அடியில்தான் தங்கும், தீப்பிடிக்க ஒரு பொறி போதும். ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளோயரை (ஆவியை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடம் ஓடவிடுங்கள்.