கல்லூரி அணிக்காகக் குலுக்கல் நடத்தலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறோம். மகள் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். அணிச் செலவுக்கும் உதவித்தொகைக்கும் பணம் திரட்ட, போட்டி நாளில் பெற்றோர் சங்கம் குலுக்கல் டிக்கெட் விற்கப்போகிறது. வசூலில் பாதி பரிசு பெறுபவருக்கு, பாதி அணிக்கு. இணையத்திலும் விற்கலாம் என்கிறார்கள். சட்டம் இடம் தருகிறதா?

பதில்: இந்த வடிவில் இரண்டுக்கும் இடமில்லை. ஆனால் குலுக்கலையே கைவிட வேண்டாம்.

கலிபோர்னியாவில் தனியார் லாட்டரி குற்றம். 2000 மார்ச்சில் வாக்காளர்கள் 17ஆம் முன்மொழிவை ஏற்ற பிறகே தொண்டு அமைப்புகளுக்கு விலக்கு கிடைத்தது. தண்டனைச் சட்டம் 320.5ஆம் பிரிவின்படி, டிக்கெட் வசூலில் குறைந்தது 90 விழுக்காடு அறப்பணிக்குப் போக வேண்டும். ஐந்து டாலர் டிக்கெட் ஆயிரம் விற்றால் வசூல் 5,000 டாலர். அதில் 4,500ஐத் தொடக் கூடாது. பாதியைப் பரிசாகக் கொடுத்தால் அது சட்டவிரோத லாட்டரிதான்.

தொழில்முறை அணிகளின் மைதானங்களில் பாதிக்குப் பாதி குலுக்கல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2015இல் இயற்றிய தனிச் சட்டம் அவற்றோடு இணைந்த அறக்கட்டளைகளுக்கு அதை அனுமதித்தது. கல்லூரி அணிகள் அந்தப் பட்டியலில் இல்லை. பணம் கொழிக்கும் அணிகளுக்குத் தந்த சலுகையை, பயணச் செலவுக்கே திண்டாடும் மாணவர்களுக்கு மறுப்பது நியாயமில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். இது திருத்தப்பட வேண்டிய குறை.

அதுவரை வழி இதுதான்: பரிசை நன்கொடையாகப் பெறுங்கள். உள்ளூர்க் கடைக்காரர் ஒரு சைக்கிளோ தொலைக்காட்சியோ தந்தால் வசூல் ஏறக்குறைய முழுதும் மாணவர்களுக்கே மிஞ்சும். நடத்துவது வரிவிலக்குப் பெற்ற தனியார் தொண்டு அமைப்பாகவும், மாநிலத்தில் ஓராண்டாவது இயங்கியதாகவும் இருக்க வேண்டும். போன மாதம் தொடங்கிய சங்கத்துக்கு அந்தத் தகுதி இல்லை. விற்பனைக்கு முன்பே மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அதே எண்ணுள்ள, கிழித்தெடுக்கக்கூடிய அடிக்கட்டை இருக்க வேண்டும். குலுக்கல் மாநிலத்துக்குள், பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். இணையத்தில் விளம்பரம் செய்யலாம், விற்கத்தான் கூடாது.

பலரும் கவனிக்காமல் விடுவது வேறொன்று. சங்கத்தின் நிர்வாகிகளுக்கோ உறுப்பினர்களுக்கோ பயன்தரும் நோக்கத்தை இச்சட்டம் அறப்பணியாக ஏற்பதில்லை. டிக்கெட் விற்கும் பெற்றோரே உறுப்பினர்களாக இருந்து, அவர்கள் பிள்ளைகளுக்கே உதவித்தொகை போனால் கேள்வி எழும். உங்கள் மகளும் அதில் சிக்கக்கூடும். பயனாளியைத் தேர்வு செய்யும் பொறுப்பைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்திடமே ஒப்படையுங்கள். அந்த ஏற்பாட்டையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

டிக்கெட் வாங்குவோரிடம் “வரிக்கழிவு கிடைக்கும்” என்று சொல்லாதீர்கள். கூட்டரசு வரிச் சட்டத்தில் குலுக்கல் டிக்கெட்டின் விலை நன்கொடையாகக் கணக்கில் வராது.