உப்பு, நார், தைலம்: பிரிப்பது எப்படி?

கலவைகளைப் பிரித்தல் பற்றி மலையகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரின் பதில்கள்.

ஹட்டன், ஓ.எல். மாணவி: சேர், ஏழெட்டு முறை இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

முறைகளை மனப்பாடம் செய்யாதீங்க மகள். இரண்டு பொருளும் எதில் வேறுபடுகின்றன என்று பாருங்க. உப்பு கரையும், மணல் கரையாது. கரைத்து, வடிகட்டி, நீரை ஆவியாக்கினால் சரி. அம்மா அரிசியில் கல் அரிப்பது அடர்த்தி வேறுபாட்டால். இரத்தினபுரியில் கூடையில் மண்ணைச் சுழற்றிக் கழுவி நீலக்கல் எடுப்பதும் அதே வேலைதான்: நீலக்கல்லின் அடர்த்தி மணலைப்போல ஒன்றரை மடங்கு.

நுவரெலியா மாணவன்: நீரைக் காய்ச்சி வடித்தபோது வெப்பமானி 94 பாகையில் நின்றுவிட்டது. நீர் சுத்தமில்லையா?

நீரும் சரி, வெப்பமானியும் சரி. ஊர்தான் உயரம்! நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர். மேலே போகப் போக வளியமுக்கம் குறையும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆறு பாகை வரும். உங்கள் வீட்டில் பருப்பு வேகச் சுணங்குவதும் இதனால்தான். உப்புப்போல ஏதாவது கரைந்திருந்தால் கொதிநிலை ஏறுமே தவிர இறங்காது. பரீட்சையில் மட்டும் 100 என்றே எழுதுங்க.

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி: தூளைச் சல்லடை பிரிக்கிறது. நார் மட்டும் உருளையில் போய் ஒட்டுகிறதே, காந்தமா?

இல்லை அக்கா, காந்தத்துக்கு இரும்புதான் வேண்டும். பிளாஸ்டிக் உருளை துணியில் உரசும்போது நிலைமின் ஏறுகிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுக்கு மேலே பிடித்த விளையாட்டு ஞாபகம் இருக்குமே, அதேதான். காய்ந்த தூளைவிட நாரிலும் காம்பிலும் ஈரம் கொஞ்சம் கூட. அதனால் அவை முந்திக்கொண்டு ஒட்டுகின்றன. பி.ஓ.பி., டஸ்ட் என்று தேயிலைத் தரங்களைச் சல்லடை பிரிப்பது அளவை வைத்து, இந்த உருளை பிரிப்பது ஈரத்தை வைத்து. எல்லா முறைகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

வெலிமடை: யூக்கலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோல் கொதிக்க 176 பாகை வேண்டுமாம். விறகடுப்பில் எப்படி வடிக்கிறார்கள்?

நீராவியோடு சேர்த்துத்தான். எண்ணெயும் நீரும் கலக்காதவை, ஆகவே இரண்டும் தனித்தனியே ஆவியமுக்கம், அதாவது ஆவியின் அழுத்தம், கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை வெளியமுக்கத்தைத் தொட்டால் போதும், கொதித்துவிடும். அதனால் 100 பாகைக்குக் கீழேயே தைலம் ஆவியாக வருகிறது, இலையும் கருகாது. ஆவியைக் குளிரவைத்தால் தைலம் மேலே மிதக்கும். கீழே இருக்கும் நீரைத் திறந்து விட்டால் சரி.

பதுளை: திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தால் நூறு வீத மதுசாரம் கிடைக்குமா சேர்?

பாடத்துக்காகக் கேட்கிறீங்க என்று நம்புகிறேன் தம்பி! கிடைக்காது. 95.6 வீதத்தில் நின்றுவிடும். அங்கே ஆவியிலும் திரவத்திலும் மதுசாரமும் நீரும் ஒரே விகிதம், அதனால் வடித்தாலும் பிரியாது. மிச்ச நீரை எடுக்க நீறாத சுண்ணாம்பு போட வேண்டும்.